பறவைகளின் தோழர் பீட்டர் ஸ்காட்

1912ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் கடைசி நாட்கள். தென் துருவத்துப் பனிவெளியில் ஒரு சிறு கூடாரம். வெளியே ஓயாத பனிப்புயல். உள்ளே உணவும் எரிபொருளும் தீர்ந்துவிட்டன. உடன் வந்த இருவர் பக்கத்தில் கிடக்க, ஒருவர் விறைத்த விரல்களால் பென்சிலைப் பிடித்துத் தம் மனைவிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அவர்தாம் கப்பற்படைத் தலைவர் இராபர்ட் ஃபால்கன் ஸ்காட். தென் துருவத்தை முதலில் மிதிக்கும் பெருமையை நாடிப் புறப்பட்டவர் அவர். சனவரி 17ஆம் நாள் அங்குப் போய்ச் சேர்ந்தபோது, நார்வே நாட்டு அமுண்ட்சென் ஐந்து வாரங்களுக்கு முன்பே வந்து கொடி நாட்டிச் சென்றிருப்பதைக் கண்டார். திரும்பும் வழியில் மடிந்தார். அவ்வாண்டு நவம்பரில் தேடிச் சென்றவர்கள் கூடாரத்தையும் உடல்களையும் கடிதங்களையும் கண்டெடுத்தனர்.

அந்தக் கடிதத்தில் தம் ஒரே மகனைப் பற்றியும் எழுதியிருந்தார். முடிந்தால் பையனுக்கு இயற்கை வரலாற்றில் ஆர்வம் உண்டாக்கு, அது விளையாட்டுகளைக் காட்டிலும் மேலானது, சில பள்ளிகளில் அதற்கு ஊக்கம் தருகிறார்கள் என்பது அதன் சாரம். சோம்பலுக்கு இடங்கொடாமல் வளர்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டிருந்தார். மகனுக்கு அப்போது வயது இரண்டரை. தந்தையின் முகம் நினைவில் நிற்கும் வயதன்று.

அந்த மகனே பின்னாளில் சர் பீட்டர் ஸ்காட் என உலகம் அறிந்த பெரியார். தந்தை சொன்ன இயற்கையை அவர் பற்றிக்கொண்டார். ஆனால், விளையாட்டையும் விட்டாரில்லை. ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்றார்; படகோட்டத்திலும், எஞ்சின் இல்லாத கிளைடர் விமானம் ஓட்டுவதிலும் தம் நாட்டின் முதல்வராக விளங்கினார். பிறகு அந்த வலிமை முழுவதையும் காட்டுயிர்களுக்கெனச் செலவிட்டார். வேடந்தாங்கலுக்கு இரண்டு மணி நேரத்தில் போய் வரக்கூடிய எங்களுக்கு, இவருடைய வரலாறு எங்கோ ஒரு தீவில் நடந்ததாகத் தோன்றவில்லை. ஆகவே ஆண்டு மலருக்கு ஒரு பெரியாரின் வரலாறு எழுதுங்கள் என்றபோது இவரைத் தேர்ந்தோம்.

பீட்டர் 1909ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் லண்டனில் பிறந்தார். தாயார் கேத்லீன் சிறந்த சிற்பி. லண்டன் வாட்டர்லூ பிளேஸில் நிற்கும் ஸ்காட் சிலை அவர் தம் கையாலேயே வடித்தது. கணவரின் உருவத்தைத் தாமே செதுக்குகையில் அந்த அம்மையாரின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! பீட்டர் பான் என்னும் சிறுவனைக் கதையில் படைத்த ஜே. எம். பாரி குழந்தைக்கு ஞானத்தந்தையர் இருவரில் ஒருவர். அந்தப் பெயரே குழந்தைக்கும் வைக்கப்பட்டது.

தாய் கடிதத்தின் சொல்லைக் காத்தார். பையன் புழு பூச்சிகளையும் பல்லி தவளைகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கடிந்துகொள்ளவில்லை. கையில் எப்போதும் பென்சிலும் தாளும் இருந்தன. ஔண்டில் என்னும் ஊரிலுள்ள பள்ளியிலும், பின்னர்க் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியிலும் படித்தார். முதலில் எடுத்த பாடம் இயற்கை அறிவியல். பாதியில் அதை விட்டுக் கலை வரலாற்றுக்கு மாறி 1931இல் பட்டம் பெற்றார். காரணம் வெளிப்படை. வகுப்பறையில் இருக்கவேண்டிய பொழுதெல்லாம் அவர் சதுப்பு நிலத்தில் இருந்தார்.

அங்கே என்ன செய்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. சுட்டார். குளிர்காலத்தில் வடதுருவப் பகுதியிலிருந்து இங்கிலாந்தின் கழிமுகங்களுக்கு ஆயிரக்கணக்கில் இறங்கும் காட்டு வாத்துகளைச் சுடுவது அந்நாளில் அங்கே பெரிய வீர விளையாட்டு. நம் நெல்லைச் சீமையில் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்துக்கு உறவான பெரிய பறவைகள் அவை. விடியற்காலை இருளில், உறைபனியில், சேற்றில் மணிக்கணக்காகப் படுத்திருப்பார். சிறு தோணியின் முன்புறம் பெருந்துப்பாக்கியைப் பொருத்திப் பறவைக் கூட்டத்தை நோக்கி ஓசையின்றி நகர்ந்து செல்வார். பகலில் சுட்ட பறவையையே மாலையில் ஓவியமாகத் தீட்டுவார். வானத்தில் அணியணியாகப் பறக்கும் வாத்துகளை அவரைப்போல் தீட்டியவர் எவருமிலர் என்று பெயர் வந்தது. 1933இல் லண்டனில் முதல் ஓவியக் காட்சி நடந்தது. ஓவியங்கள் விற்ற பணத்தில் வாழ்க்கை நடந்தது.

அதே ஆண்டு, நேன் என்னும் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஆளில்லாமல் கிடந்த பழைய கலங்கரை விளக்கம் ஒன்றில் குடியேறினார். பெயர்தான் கலங்கரை விளக்கம். மாமல்லபுரத்துக் குன்றின்மேல் நிற்பதுபோல் இரவெல்லாம் ஒளி வீசிக் கப்பலுக்கு வழி காட்டுவதன்று. சுற்றிலும் சேறும் நீரும் வானமுமே. அங்கே காயம்பட்ட பறவைகளையும் பிடித்த பறவைகளையும் வளர்க்கத் தொடங்கினார். இளஞ்சிவப்புக் கால் வாத்து ஒன்று இளவேனிலில் வடக்கே பறந்து போய், அடுத்த இலையுதிர் காலத்தில் தானாகவே அவர் வாசலுக்குத் திரும்பி வந்து இறங்கியதாம். அதற்கு அன்னபெல் என்று பெயரிட்டிருந்தார். பெயரிட்ட பறவையைச் சுட மனம் வருமா? ஆனால் பெயரில்லாத மற்றவற்றைச் சுட்டுக்கொண்டுதான் இருந்தார். மனிதர் மனம் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

மாறச் செய்தது ஒரு காட்சி. ஒரு நாள் சுட்டதில் ஒரு வாத்து இரு கால்களும் ஒடிந்து, எட்டத்தே சேற்றுத் திட்டில் விழுந்தது. ஆள் இறங்கினால் புதைந்துவிடும் சேறு அது. எடுக்கவும் முடியவில்லை, இன்னொரு குண்டால் அதன் துன்பத்தை முடிக்கவும் முடியவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தார். அது அங்கேயே, உயிரோடு, தலை நிமிர்த்தி இருந்தது. இந்தப் பறவைக்கு இதைச் செய்ய எனக்கு என்ன உரிமை என்ற கேள்வி அன்று அவருக்குள் புகுந்தது. அதன்பின் உடனே முனிவராகிவிடவில்லை. சில ஆண்டுகள் தயங்கித் தயங்கியே துப்பாக்கியை ஒதுக்கினார். இந்தத் தயக்கத்தைத் தம் வரலாற்று நூலில் அவரே ஒளிக்காமல் எழுதியிருப்பது எங்களுக்குப் பிடித்திருந்தது.

இனி அவர் விளையாட்டைப் பார்ப்போம். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கை ஒட்டிப் பாய்ப்படகுப் போட்டி ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் நடந்தது. ஒருவரே அமர்ந்து செலுத்தும் சிறு படகு. பீட்டர் ஸ்காட் பிரிட்டனுக்காகக் கலந்துகொண்டு வெண்கலப் பதக்கம் பெற்றார். தங்கம் நெதர்லாந்துக்கும் வெள்ளி ஜெர்மனிக்கும் போயின. அதே ஒலிம்பிக்கில்தான் தியான் சந்தின் தலைமையில் நம் ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என வென்று தங்கம் கொணர்ந்தது. இங்கே ஒரு சிறு செய்தியைச் சொல்லாமல் போக மனமில்லை. நம் செங்கற்பட்டு மாவட்டத்து மொறப்பாக்கத்தில், பீட்டர் ஸ்காட் பிறந்த அதே 1909இல் பிறந்த எம். ஜே. கோபாலன், கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936இல் பெர்லினுக்குப் போவதா, கிரிக்கெட் அணியுடன் இங்கிலாந்துக்குப் போவதா என்ற நிலை வந்தபோது அவர் இங்கிலாந்தைத் தேர்ந்தார். அங்கே ஒரு டெஸ்ட் ஆட்டத்திலும் இடம் கிடைக்கவில்லை. தங்கமும் கை நழுவியது. விளையாட்டில் இப்படியும் உண்டு.

பீட்டர் ஸ்காட் 1937, 1938, 1946 ஆகிய மூன்று ஆண்டுகளில் வேல்ஸ் இளவரசர் கோப்பையை வென்றார். 1938இல் அவரும் ஜான் வின்டர் என்ற நண்பரும் ஒரு புதுமை செய்தனர். பாய்மரத்தின் உச்சியில் கட்டிய கம்பியை உடம்பில் மாட்டிக்கொண்டு, ஒருவர் படகுக்கு வெளியே, நீருக்கு மேலே உடல் முழுவதையும் நீட்டித் தொங்கினார். காற்று எவ்வளவு சாய்த்தாலும் படகு நிமிர்ந்து பறந்தது. காற்றுக்கு எதிராக உடலைச் சாய்த்துப் படகை நிறுத்துவது நம் கடலோரத்தார்க்கும் தெரிந்த வித்தைதான். ஆயினும் போட்டி நடத்தியவர்கள் திகைத்தனர். கோப்பையைக் கொடுத்துவிட்டு, இனி இம்முறை கூடாது என்று தடையும் போட்டனர். இன்று பல பந்தயப் படகுகளில் அது வழக்கமாகிவிட்டது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. கடற்படையில் சேர்ந்து நாசகாரிக் கப்பலில் பணியாற்றினார். 1941 ஏப்ரலில், அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே, கொந்தளிப்பில், காமோரின் என்ற பெரிய கப்பல் தீப்பற்றி எரிந்தது. நம் கன்னியாகுமரிக்கு ஆங்கிலேயர் வழங்கிய பெயரே அக்கப்பலின் பெயர். பீட்டர் ஸ்காட் இருந்த புரோக் என்ற கப்பல், எரியும் கப்பலின் பக்கவாட்டில் மீண்டும் மீண்டும் அணுகிச் சென்றது. இரு கப்பல்களும் அலையில் ஏறி இறங்க, ஒவ்வொரு முறையும் சிலர் குதித்தனர். இவ்வாறு 180 பேரைக் காப்பாற்றினர். பின்னர்ச் சிறு போர்ப் படகுகளின் தலைவராக இருந்து வீரப் பதக்கங்களும் பெற்றார். அவருடைய படகின் பெயர் சாம்பல் வாத்து! போர்க் கப்பல்கள் பகைவர் கண்ணுக்குப் புலப்படாதவாறு வண்ணம் தீட்டும் முறையையும் வகுத்துக் கொடுத்தார். பறவைகளின் நிறத்தை அத்தனை காலம் உற்று நோக்கிய கண் அல்லவா!

போர் முடிந்ததும் 1945இல் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று சில நூறு வாக்குகளில் தோற்றார். அந்தத் தோல்வி பறவைகளுக்கு நன்மையாயிற்று. அவ்வாண்டு திசம்பரில் செவர்ன் ஆற்றங்கரையிலுள்ள சிலிம்பிரிட்ஜ் என்னும் சிற்றூருக்கு, குளிர்கால வாத்துகளைக் காணச் சென்றார். போர்க்காலத்தில் துப்பாக்கி வீரர் ஒளிந்திருக்கக் கட்டிய சிறு காங்கிரீட் அறைக்குள் நுழைந்து, துப்பாக்கி நீட்டும் துளை வழியே தொலைநோக்கியை நீட்டினார். ஆயிரக்கணக்கான வாத்துகளுக்கிடையே, அந்நாட்டில் மிக அரிதாகவே காணப்பட்ட சிறு வெண்ணெற்றி வாத்து தெரிந்தது. இந்த இடத்திலேயே நிலையம் அமைப்பது என்று அங்கேயே முடிவு செய்தார். 1946 நவம்பர் 10ஆம் நாள் நீர்ப்பறவை அறக்கட்டளை தோன்றியது.

அவர் செய்த புதுமை என்ன? பறவைக் காப்பகம் என்றால் வேலி போட்டு ஆளை விலக்குவது என்றே அதுவரை பலர் நினைத்திருந்தனர். பீட்டர் ஸ்காட் ஆட்களை அழைத்தார். நடைபாதை போட்டார். பறவைகள் அறியாமல் இருந்து பார்க்க மறைகுடில்கள் கட்டினார். பள்ளிக் குழந்தைகள் உலகின் பல நாட்டு வாத்துகளுக்குத் தம் கையாலேயே தீனி கொடுத்தனர். நெருங்கிப் பார்த்தவன் சுடமாட்டான் என்பது அவர் கணக்கு. அன்னபெல்லை வளர்த்துத் தாம் கற்ற பாடத்தையே நாட்டார்க்கு ஏற்பாடு செய்து கொடுத்தார் எனலாம்.

இதைப் படித்தபோது எங்களுக்கு வேடந்தாங்கல் நினைவு வந்தது. மதுராந்தகத்துக்கு அப்பால் உள்ள அந்தச் சிற்றேரியின் பறவைகளை அரசாங்கம் காக்கத் தொடங்கியதற்கு நெடுங்காலம் முன்பே ஊரார் காத்து வந்தனர். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதால் ஊரார் கூடிப் போய் முறையிட்டனர் என்றும், செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார் என்றும் வரலாறு கூறுகிறது. ஊராரின் அன்பில் உழவுக் கணக்கும் உண்டு. நீரில் நிற்கும் கடப்ப மரங்களில் கூடு கட்டும் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் இடும் எச்சம் ஏரி நீரில் கலக்கிறது. அந்நீர் பாயும் வயலுக்குத் தனி உரம் வேண்டாம். கேம்பிரிட்ஜில் படித்தவர் ஒரு வாத்தின் ஒடிந்த காலைக் கண்டு அறிந்துகொண்டதை, நம் மாவட்டத்து உழவர் அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே ஏரிக்கரையில் அறிந்திருந்தனர். இதைச் சொல்வதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

சிலிம்பிரிட்ஜின் புகழ்பெற்ற கதை நேனே வாத்தின் கதை. ஹவாய்த் தீவுகளில் மட்டுமே வாழும் பறவை அது. வேட்டையாலும், மனிதர் கொண்டுவந்த விலங்குகளாலும் குறைந்து, 1950ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 30 பறவைகளே எஞ்சின. பீட்டர் ஸ்காட் ஒரு சோடியை வரவழைத்தார். இரண்டும் நலமாக வந்து சேர்ந்தன, கூடு கட்டின. பிறகு இரண்டுமே முட்டை இட்டன! சோடி என்று வந்தவை இரண்டும் பெட்டைகள். அவசரத் தந்தி பறந்தது. ஹவாயிலிருந்து ஓர் ஆண் பறவை விமானத்தில் வந்து இறங்கியது. அத்தீவுகளை ஆண்ட பழைய மன்னர் கமெஹமெஹாவின் பெயரை அதற்கு இட்டனர். 1952இல் ஒன்பது குஞ்சுகள் பொரித்தன. ஆண்டுதோறும் பெருகின. 1962இல் சிலிம்பிரிட்ஜில் வளர்ந்த பறவைகள் தம் தாயகமான ஹவாயில் மாவி தீவுக்குத் திரும்பின. சாரணச் சிறுவர்கள் அவற்றைப் பெட்டிகளில் வைத்து முதுகில் சுமந்து ஹாலியாகலா எரிமலைப் பள்ளத்துக்குக் கொண்டு சென்றார்களாம்.

கதை இத்துடன் இனிதே முடிந்ததென்று பல நூல்கள் நிறுத்திவிடுகின்றன. உண்மை அவ்வளவு இனிப்பானதன்று. விடுவிக்கப்பட்ட பறவைகள் தாமாகப் பெருகத் திணறின. முட்டைகளையும் குஞ்சுகளையும் கீரி தின்றது. அந்தக் கீரி எங்கிருந்து போயிற்று தெரியுமா? நம் இந்தியாவிலிருந்து! கரும்புத் தோட்ட எலிகளை ஒழிக்கவென்று இந்தியக் கீரியை முதலில் ஜமைக்காவுக்கும், அங்கிருந்து 1883இல் ஹவாய்க்கும் கொண்டுபோய் விட்டிருந்தனர். கீரி குடியேறாத கவாய் தீவில்தான் நேனே நன்றாகப் பெருகியது. பறவையைக் கூண்டில் வளர்ப்பது ஒரு வேலை. அது வாழ ஊரை ஒழுங்கு செய்வது அதைவிடக் கடினமான வேலை. 2019இல் அமெரிக்க அரசு நேனேயை அழியும் நிலைப் பட்டியலிலிருந்து ஒரு படி இறக்கிக் குறைந்த ஆபத்துள்ள வகையில் சேர்த்தது. அப்போது மூவாயிரத்தை ஒட்டிய பறவைகள் இருந்தன.

எண்ணிக்கை குறைந்த உயிரை வளர்த்துப் பெருக்கி இயற்கையிடம் திருப்பித் தரும் இம்முறை நம் கடற்கரையிலும் நடந்தது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1976இல் ராமுலஸ் விட்டேக்கரும் அவர் துணைவியாரும் நண்பர்களும் தொடங்கிய முதலைப் பண்ணையை அறியாதவர் நம்மில் யார்? தோலுக்காக வேட்டையாடப்பட்டு அருகிப்போன சதுப்பு முதலைகள் அங்கே பெருகின. அங்கு வளர்ந்தவை பல மாநிலங்களின் நீர்நிலைகளுக்குப் போயின.

1961ஆம் ஆண்டு பீட்டர் ஸ்காட்டின் வாழ்வில் பெரிய ஆண்டு. ஜூலியன் ஹக்ஸ்லி, மாக்ஸ் நிக்கல்சன் முதலிய அறிஞர்களோடு சேர்ந்து உலகக் காட்டுயிர் நிதியத்தை நிறுவினார். அதற்கு ஒரு சின்னம் வேண்டியிருந்தது. அப்போது லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் சீ-சீ என்ற பாண்டாக் கரடி எல்லோர் மனத்தையும் கவர்ந்திருந்தது. மற்றொருவர் போட்டுத் தந்த மாதிரிகளைக் கொண்டு பீட்டர் ஸ்காட் சின்னத்தை வரைந்து முடித்தார். பாண்டா அழகானது, அரிதானது. கறுப்பும் வெள்ளையுமாக இருப்பதால் அச்சுச் செலவும் குறைவு! இந்தக் கடைசிக் காரணத்தையும் அவர்கள் ஒளிக்கவில்லை. அதே ஆண்டுத் தொடக்கத்தில் இளவரசர் பிலிப் நம் இராஜஸ்தானத்தில் புலி ஒன்றைச் சுட்டார். சில மாதங்களில் அவரே அந்நிதியத்தின் பிரிட்டிஷ் கிளைக்குத் தலைவரானார். பலர் நகைத்தனர். ஆனால் துப்பாக்கியைப் பிடித்துப் பின்னர் வைத்தவர்களையும் சேர்த்துக்கொண்டு நடக்க வேண்டும் என்பதைத் தம் சொந்த வாழ்விலிருந்தே பீட்டர் ஸ்காட் அறிந்திருக்க வேண்டும்.

1963முதல் 1980வரை, உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் உயிரினக் காப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அழியும் நிலையிலுள்ள உயிர்களைப் பதிவு செய்யும் சிவப்புத் தரவு நூல் அவர் சிந்தையில் உதித்தது; முதல் தொகுதிகள் 1966இல் வெளிவந்தன. ஏடுகளைக் கழற்றி மாற்றும்படி கட்டப்பட்ட நூல் அது. மிகுந்த ஆபத்திலுள்ள உயிருக்கு இளஞ்சிவப்பு ஏடு. மீண்டுவிட்ட உயிருக்குப் பச்சை ஏடு. அந்தப் பதிவின் இன்றைய பட்டியலில் நம் கரைக்கு வரும் பங்குனி ஆமையும் இருக்கிறது. தை முதல் பங்குனி வரை இரவில் கோவளம், மாமல்லபுரம் மணலில் ஏறிக் குழி தோண்டி நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு, மண்ணை மூடிவிட்டுத் திரும்பும் அந்த ஆமையை எங்களிற் சிலர் பார்த்திருக்கிறோம். அலையில் ஒதுங்கிய ஆமைச் சடலங்களையும் பார்த்திருக்கிறோம். இழுவை வலையில் சிக்கி மூச்சுத் திணறி இறந்தவை அவை. பச்சை ஏடு அதற்கு இன்னும் வரவில்லை.

இத்தனை வேலைக்கிடையிலும் விளையாட்டு ஆசை தீரவில்லை. 47 வயதை ஒட்டிக் கிளைடர் விமானம் ஓட்டக் கற்றார். வெப்பக் காற்று மேலெழும் இடத்தைக் கண்டு அதன்மேல் வட்டமிட்டு உயரவேண்டும். பருந்தும் கூழைக்கடாவும் செய்வது அதுவே. 1963இல் 53ஆம் வயதில் தம் நாட்டின் கிளைடர் வீரர்களில் முதல்வராக வந்தார். அடுத்த ஆண்டு அமெரிக்கக் கோப்பைப் படகுப் போட்டியில் சாவரின் என்ற படகைச் செலுத்தி நான்கு பந்தயங்களிலும் தோற்றார். தோல்வியைத் தூக்கிக்கொண்டு திரியவில்லை. அந்தக் குளிர்காலத்தில்தான் அவருக்கு வேறொரு பெரிய மகிழ்ச்சி கிட்டியது.

சிலிம்பிரிட்ஜில் அவர் வீட்டு அறையின் சன்னல் ஒரு சுவர் அளவு பெரியது. அதற்கு நேரே ஒரு குளம். 1964 முதல் ரஷ்யாவின் வடகோடியிலிருந்து வரும் பியூயிக் அன்னங்கள் அக்குளத்தில் இறங்கத் தொடங்கின. பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்த அவர் ஒன்றைக் கவனித்தார். ஒவ்வோர் அன்னத்தின் அலகிலும் மஞ்சளும் கறுப்பும் கலந்திருக்கும் விதம் தனித்தனி. நம் கைரேகைபோல் ஒன்றற்கிருப்பது மற்றொன்றற்கில்லை. ஒவ்வொன்றன் முகத்தையும் வரைந்து பெயரிட்டுப் பதிவு செய்தார். மனைவி பிலிப்பாவும் மகள் டாஃபிலாவும் துணை நின்றனர். எந்த அன்னம் எத்தனை ஆண்டுகள் வந்தது, எதனோடு இணைந்தது, எத்தனை குஞ்சுகளோடு வந்தது, எந்த ஆண்டு வராமற்போயிற்று என்பதெல்லாம் பறவையைத் தொடாமலே தெரிந்தன. ஆயிரக்கணக்கான அன்னங்களின் வரலாறு இவ்வாறு எழுதப்பட்டது. டாஃபிலா என்பது ஊசிவால் வாத்துக்கு அறிவியலார் முன்பு வழங்கிய பெயர். மழைக்காலத்துக்குப் பின் வேடந்தாங்கலுக்கும் வரும் அதே வாத்துதான். மகளுக்குப் பறவையின் பெயரும், மகனுக்குத் தம் தந்தையின் நடுப்பெயரான ஃபால்கன் என்பதும் இட்டார். ஃபால்கன் என்றால் வல்லூறு. அதுவும் பறவையே!

பெரியாருக்கும் ஒரு விளையாட்டுப் புத்தி இருக்கும் போலும். ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் பூதம் போன்ற விலங்கு உண்டு என்ற கதையை அவர் நம்பினார். 1975இல் அதற்கு ஒரு லத்தீன் பெயரும் சூட்டினார். அப்பெயரின் எழுத்துகளை மாற்றி அடுக்கினால் பூதம் ஒரு புரட்டு, சர் பீட்டர் எஸ் என்று பொருள்பட வருவதைச் சிலர் கண்டுபிடித்துச் சிரித்தனர். வேண்டுமென்றே வைத்தாரா, தற்செயலா என்பது இன்றும் வேடிக்கையான வழக்கு.

1973இல் இயற்கைப் பாதுகாப்புப் பணிக்காக அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. அப்பணிக்காக அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே என்பர். திமிங்கிலங்களை வணிகத்துக்காகக் கொல்வதை நிறுத்தப் பல ஆண்டுகள் வாதாடினார். 1982இல் உலகத் திமிங்கில ஆணையம் அவ்வாறே முடிவு செய்தது. தந்தை மடிந்த தென் துருவக் கண்டத்துக்கும் சென்று, அங்கே அவர் தங்கிய மரக்குடிலைப் பார்த்தார். அந்தக் கண்டத்தைச் சுரங்கக்காரர் கையில் கொடுக்கலாகாது என்று இறுதிவரை சொல்லிவந்தார்.

சதுப்பு நிலங்களைக் காக்க 1971இல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் உருவான உடன்படிக்கைக்குச் சிலிம்பிரிட்ஜ் அறிஞர்களின் உழைப்பு பெரிதும் காரணம். இந்தியா 1982இல் அதில் சேர்ந்தது. நம் வேடந்தாங்கலும் அதற்கு அருகிலுள்ள கரிக்கிலியும் 2022இல் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. ஆனால், அதைக் காண பீட்டர் ஸ்காட் இல்லை. 1989 ஆகஸ்டு 29ஆம் நாள், எண்பது வயது நிறைய இரண்டு வாரங்களே இருந்தபோது, பிரிஸ்டல் நகரில் காலமானார்.

தென் துருவத்தில் எழுதப்பட்ட அந்தக் கடிதத்தை அவர் குடும்பத்தார் 2007இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துத் துருவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அளித்தனர். சிலிம்பிரிட்ஜ் வீடு இப்போது அருங்காட்சியகம். உள்ளே போகிறவர்கள் அவருடைய அறையில் நின்று, அந்தப் பெரிய சன்னல் வழியாகக் குளத்தைப் பார்க்கலாம். குளிர்காலமானால் அன்னங்கள் வந்து இறங்கும். அலகைப் பார்த்துப் பெயரைப் பதியும் வேலையும் நடந்துகொண்டிருக்கிறது.